அப்பாவின் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு வா!

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி. லண்டன் மாநகரம். யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகள் பல இடிந்தபடியே கிடக்கின்றன. உணவுப் பொருள்களுக்கு ரேஷன் இன்னும் முடிந்தபாடில்லை. அந்த நகரத்தில், வெம்பிளியில் உள்ள எம்பயர் பூல் என்ற பெரிய நீச்சல் மண்டபத்தில், ஒலிம்பிக் போட்டி நடக்கிறது. பெண்களுக்கான ஸ்பிரிங்போர்டு டைவிங் பந்தயம்.

முதலில் வந்தவருக்கு 108.74 புள்ளிகள். அடுத்து வந்தவருக்கு 108.23. வித்தியாசம் அரைப் புள்ளி. அதற்கு மேல் ஒரு மயிரிழை. தங்கப் பதக்கம் பெற்றவர் அமெரிக்காவின் விக்கி டிரேவ்ஸ் என்ற 23 வயதுப் பெண். மூன்று நாள் கழித்து 10 மீட்டர் மேடையிலிருந்து பாயும் பந்தயத்திலும் அவரே தங்கம் வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் டைவிங்கின் இரண்டு பிரிவுகளிலும் தங்கம் வென்ற முதல் பெண் இவர்தான். ஆசிய வம்சத்தில் பிறந்த அமெரிக்கப் பெண்களில் ஒலிம்பிக் தங்கத்தைத் தொட்ட முதல் பெண்ணும் இவர்தான்.

டிரேவ்ஸ் என்பது புருஷன் வழியில் வந்த பெயர். அதற்கு முன் டெய்லர் என்ற பெயரில் டைவ் அடித்துக்கொண்டிருந்தார். அதுவும் அவருடைய பெயரல்ல. பிறந்தபோது இருந்த பெயர் விக்டோரியா மனாலோ. ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர்கள் எப்படி வந்தன? கலியாணத்தால் வந்த பெயரைப் பற்றி நமக்குக் கேள்வி இல்லை. நடுவில் வந்தானே அந்த டெய்லர், அவன் எங்கிருந்து வந்தான்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கிராமத்துத் தோழர்களுக்கு டைவ் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தவர்கள், அந்தர்பல்டி அடித்தவர்கள், வயிறு தண்ணீரில் அடிபட்டுச் சிவந்து கரையேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஸ்பிரிங்போர்டு என்பது அதே வித்தைதான். ஆனால் கால் வைக்கும் இடம் மண் மேடு அல்ல, துள்ளுகிற பலகை. ஒரு முனையைக் கரையில் பிணைத்திருப்பார்கள். மறுமுனை தண்ணீருக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 10 அடி உயரத்தில், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று பலகை அலுமினியம். விக்கியின் காலத்தில் மரப்பலகை. வழுக்காமலிருக்க மேலே தென்னைநார்ப் பாய்.

டைவர் நடந்து வந்து, எம்பி, இரண்டு காலும் சேர்ந்து பலகையின் நுனியில் இறங்க வேண்டும். பலகை வளைந்து கீழே போகும். பிறகு வில்லைப் போல மேலே வீசும். அந்த வீச்சும் காலின் உதைப்பும் ஒரே நொடியில் சேர்ந்தால் உடம்பு மேலே பறக்கும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பலகை முழங்காலை உடைப்பது போல் உதறித் தள்ளும். மேலே போய், சுழன்று, முறுக்கி, நிமிர்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராக இறங்க வேண்டும். இத்தனையும் ஒன்றரை வினாடிக்குள். நீதிபதிகள் உட்கார்ந்திருப்பார்கள். பூஜ்யத்திலிருந்து 10 வரை மார்க் போடுவார்கள். வித்தை எவ்வளவு கஷ்டமோ, அந்தக் கணக்கால் மார்க்கைப் பெருக்குவார்கள். 10 மீட்டர் மேடை இன்னும் பயங்கரம். அங்கிருந்து விழுகிற உடம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடும். அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்காது, கல்லாக இருக்கும்.

இந்த ஒன்றரை வினாடி எப்படிக் கைக்கு வருகிறது? பிறவியிலேயே வந்தது என்று சொல்கிறவர்கள் வேலை செய்தறியாதவர்கள். நூற்பாலையில் அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் பிணைக்கிறாரே நம் தொழிலாளி, அவரைக் கேளுங்கள். அந்த விரல்கள் அந்த வேகத்துக்கு வர எத்தனை ஆயிரம் தடவை பிணைத்திருக்க வேண்டும்! டைவரும் அப்படித்தான். ஒரே பாய்ச்சலைத் தினமும், வருஷக்கணக்கில், திரும்பத் திரும்ப. அதற்கு வேண்டியது என்ன? ஆழமான குளம். நல்ல பலகை. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள். கூலி வேலைக்கு ஓடாமல் மிச்சமிருக்கும் சில மணி நேரம். இவை நான்கும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும், விக்கி மனாலோவின் கதை பாதி புரிந்துவிடும்.

விக்கி 1924ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தாள். தகப்பனார் தியோஃபிலோ மனாலோ, பிலிப்பைன்ஸ் தீவுக்காரர். தாயார் கெர்ட்ரூட் டெய்லர், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பெண். குடியிருந்தது மார்க்கெட் வீதிக்குத் தெற்கே, உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில்.

பிலிப்பைன்ஸ்காரர் ஏன் கலிபோர்னியாவுக்கு வந்தார்? அவர்கள் நாட்டுக்கு அமெரிக்கா முதலில் போனது, அதனால்தான்! 1898இல் ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. தீவையும் அதில் வாழும் ஜனங்களையும் சேர்த்து, மாட்டுச் சந்தையில் வாங்குவது போல. எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்களை யுத்தம் செய்து அடக்கியது. 1946 ஜூலை 4 வரை அது அமெரிக்கக் காலனி. அந்த ஜனங்கள் அமெரிக்கக் கொடிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் அமெரிக்கப் பிரஜைகள் அல்ல. கூலிக்கு வரலாம். ஓட்டுப் போட முடியாது.

வந்தார்கள். 1930இல் கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 30,000 பேர். பெரும்பாலோர் இளைஞர்கள். குனிந்த முதுகு நிமிராமல் கீரைத் தோட்டங்களிலும் ஆஸ்பராகஸ் வயல்களிலும் வேலை செய்தவர்கள். நகரத்தில் என்றால் சமையல்காரர், வீட்டு வேலைக்காரர், பாத்திரம் கழுவுகிறவர். ஸ்டாக்டன் நகரத்தில் ஹோட்டல் வாசலில் 'பிலிப்பைன்ஸ்காரருக்கு அனுமதி இல்லவே இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்ற ஊரில் வெள்ளை இளைஞர் கும்பல் பல நாள் வேட்டையாடியது. ஃபெர்மின் டொபேரா என்ற 22 வயதுப் பண்ணைத் தொழிலாளி, தங்கியிருந்த கொட்டகையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது விக்கிக்கு ஐந்து வயது. மனாலோ என்ற பெயர் அந்த மாகாணத்தில் என்ன பொருள் கொண்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பெயரைச் சொன்ன உடனே முகம் மாறும். அவ்வளவுதான் பொருள்.

அதே ஜனங்கள்தான் 1965 செப்டம்பர் 8ஆம் தேதி டெலானோவில் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். லாரி இட்லியாங் என்ற பிலிப்பைன்ஸ் தொழிலாளி தலைமை தாங்கினார். சில நாளில் சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளரும் சேர்ந்தார்கள். ஐந்து வருஷம் நின்று, 1970இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். அது பெரிய கதை. இன்னொரு நாள் எழுத வேண்டியது. விக்கியிடம் வருவோம்.

சிறுமிக்குப் பாலே நடனம் கற்க ஆசை. வீட்டில் பணம் இல்லை. ஆசை அப்படியே நின்றது. பத்து வயது வரையில் நீச்சலும் தெரியாது. பிறகு கோடை விடுமுறையில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய இலவச வகுப்பில் நீந்தக் கற்றாள். மிஷன் பேட்டையில் ஒரு நீச்சல் குளம். நுழைவுக் கட்டணம் 5 சென்ட்.

இந்த 5 சென்ட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கத்துக்கும் விதை இந்தக் காசுதான். கட்டணம் 50 சென்ட் என்று இருந்திருந்தால் விக்கி மனாலோ என்ற பெயரை உலகத்தில் ஒருவரும் கேட்டிருக்க முடியாது. அவள் திறமை எங்கே போயிருக்கும்? எங்கும் போயிருக்காது, அவளோடு கூடவே ஏதாவது ஒரு வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்திருக்கும். இப்படித் தரை துடைத்துக்கொண்டே மடிந்த திறமைகளுக்குப் பதக்கப் பட்டியலில் இடம் கிடையாது. எத்தனை என்று எண்ணியவரும் கிடையாது.

16 வயதில்தான் டைவிங்கில் கால் வைத்தாள். இன்றைய கணக்கில் அது மிகத் தாமதம். இந்த வித்தையை ஏழு எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் காற்றில் அவள் உடம்பு போகிற அழகைப் பார்த்தவர்கள் நல்ல பயிற்சியாளரிடம் போ என்றார்கள். ஃபில் பாட்டர்சன் என்பவரிடம் போனாள். அவர் நாப் ஹில் என்ற பணக்காரக் குன்றின் மேலிருந்த ஃபேர்மாண்ட் ஹோட்டலின் நீச்சல், டைவிங் கிளப்பில் பயிற்சியாளர்.

வாசலில் நிறுத்தப்பட்டாள். தடை பாய்ச்சலில் இல்லை. உடம்பிலும் இல்லை. தடை பெயரில்! மனாலோ என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? டெய்லர். நல்ல ஆங்கிலப் பெயர். அப்படியானால் இனி நீ விக்கி டெய்லர். அப்படியும் மற்ற உறுப்பினர்களோடு சேர்க்கவில்லை. பாட்டர்சன் பள்ளி என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தி, அதில் இவளைப் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தோழர்களே! இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஊர்க் குளத்தில் இறங்காதே, கிணற்றைத் தொடாதே என்று துரத்தப்பட்டவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீருக்கு நிறம் கிடையாது. தண்ணீரின் கரையில் நிற்கிறவன்தான் நிறம் பார்க்கிறான்.

சிலர் சமாதானம் சொல்வார்கள். பெயரில் என்ன இருக்கிறது? பாட்டர்சன் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடவில்லையே! ஒரு வழி கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டாரே! காரியம் நடந்தது அல்லவா? இப்படி வாதிக்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டர்சனும் ஒரு ராட்சசனாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. டைவ் அடிக்க அந்தப் பெண்ணுக்கு அவர் நன்றாகவே கற்றுக் கொடுத்தார். ஆனால் அவர் செய்தது என்ன? சுவர் சரியா தப்பா என்று கேட்கவில்லை. சுவரில் ஒரு சின்னப் பொந்து போட்டு, ஒரே ஒரு பெண் மட்டும் குனிந்து நுழையும்படி செய்தார். சுவர் அப்படியே நின்றது. அடுத்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அம்மா ஆங்கிலேயப் பெண்ணாக இல்லாவிட்டால்? அவளுக்கு எந்தப் பெயரைக் கொடுப்பார்?

அந்தத் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். மகள் போட்டியில் ஜெயிக்கிறாள். பத்திரிகையில் பெயர் வருகிறது. விக்கி டெய்லர். பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டி 'இது என் மகள்' என்று அவர் சொன்னால், எந்த அச்செழுத்து அவருக்குச் சாட்சி சொல்லும்?

விக்கி ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்பவர்களும் உண்டு. 16 வயதுப் பெண். வேறு பலகை இல்லை. வேறு ஆசிரியர் இல்லை. நிபந்தனைக்கு உட்பட்டால் குளம், உட்படாவிட்டால் தெரு. மேஸ்திரி நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகிற தொழிலாளியிடம் 'நீ ஏன் சம்மதித்தாய்?' என்று கேட்கிற மாதிரி கேள்வி இது. பழியை யார் மேல் போட வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, மாட்டிக்கொண்டவர் மேல் போடுகிற பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. பாட்டர்சன் பட்டாளத்துக்குப் போனார், பயிற்சி நின்றது. 1942இல் பள்ளிப் படிப்பை முடித்த விக்கி, குடும்ப வருமானத்துக்காக ராணுவத் துறைமுக வைத்திய அதிகாரியின் ஆபீசில் காரியதரிசி வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் ஆபீஸ். மிச்ச நேரத்தில் குளம். பின்னால் ஓக்லண்டில் லைல் டிரேவ்ஸ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். ஸ்பிரிங்போர்டு மட்டும் தெரிந்திருந்த அவருக்கு 10 மீட்டர் மேடையில் ஏறக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். 1946இல் இருவரும் மணந்துகொண்டார்கள். 1946, 1947, 1948 என்று மூன்று வருஷமும் மேடைப் பாய்ச்சலில் தேசிய சாம்பியன் விக்கிதான்.

இந்தக் கலியாண விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளையரும் 'மலாய் இனத்தவரும்' கலியாணம் செய்யக்கூடாது என்று 1933இல் கலிபோர்னியா சட்டம் திருத்தப்பட்டது. மலாய் இனம் என்று குறிப்பிட்டது பிலிப்பைன்ஸ்காரரைத்தான். அதற்கு முன் ஒரு வழக்கில், சட்டத்தில் இருந்த வார்த்தை பிலிப்பைன்ஸ்காரரைக் குறிக்காது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. உடனே சட்டசபை ஓடோடி வந்து ஓட்டையை அடைத்தது! உழைப்பாளிகளுக்கு ஒரு சட்டம் வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் தூங்குகிறவர்கள், இதற்கு எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள். தியோஃபிலோவும் கெர்ட்ரூடும் இல்லறம் தொடங்கியது இதற்கு முன். கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த மாகாணத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி ஆகியிருக்கவே முடியாது.

அந்தச் சட்டம் எப்போது செத்தது? 1948 அக்டோபர் 1ஆம் தேதி, பெரெஸ் வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். அதாவது ஆகஸ்டில் விக்கி வெம்பிளியில் தங்கம் வாங்கி, அமெரிக்கக் கொடி ஏறியபோது, அவருடைய அப்பா அம்மாவின் கலியாணத்தைப் போன்ற கலியாணம் சொந்த மாகாணத்தில் சட்ட விரோதம்! பதக்கம் வேண்டும், பதக்கம் வாங்கியவளைப் பெற்ற கலியாணம் வேண்டாம்.

விக்கி ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதே லண்டன் ஒலிம்பிக்கில், விக்கியின் முதல் தங்கத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆண்கள் 10 மீட்டர் மேடையில் தங்கம் வாங்கியவர் சாமி லீ. ஸ்பிரிங்போர்டில் வெண்கலமும் அவருக்கு. கொரிய வம்சத்தவர், 1920இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், விக்கியின் நண்பர். அவர் வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில். பக்கத்துப் பாசடீனாவில் ப்ரூக்சைடு என்று நகரசபைக் குளம் இருந்தது. நகரசபைக் குளம் என்றால் எல்லோர் வரியிலும் கட்டியது. வெள்ளையருக்கு வாரம் முழுவதும். மற்றவர்களுக்குப் புதன்கிழமை ஒரு நாள். அந்த நாளுக்கு 'சர்வதேச தினம்' என்று அழகான பெயர் வேறு! அன்று சாயங்காலம் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கண்டு ஒலிம்பிக்கில் ஜெயிக்க முடியுமா? சாமி லீயின் பயிற்சியாளர் ஜிம் ரையன் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் குழி வெட்டினார். மணலைக் கொட்டினார். பலகை போட்டார். சிறுவன் மணலில் குதித்துக் குதித்து டைவ் பழகினான். தண்ணீரில் பாய வேண்டிய விளையாட்டை மணலில் கற்று உலகத்தை ஜெயித்த கதை இது. கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. மறு நிமிஷம் கொதிக்கிறது.

அவர் படித்து டாக்டர் ஆனார். 1952இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். ராணுவ டாக்டராகக் கொரியாவில் வேலை பார்த்தார். அமெரிக்க வெளிநாட்டு இலாகா அவரை ஆசிய நாடுகளுக்கு நல்லெண்ணத் தூதராக அனுப்பியது. 'பாருங்கள், எங்கள் நாட்டில் ஆசியருக்கு எவ்வளவு கௌரவம்!' என்று காட்டுவதற்காக. ஊருக்குத் திரும்பி 1955இல் கார்டன் குரோவ் என்ற இடத்தில் ஒரு வீடு வாங்கப் போனார். வெள்ளையரல்லாதவருக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தங்கம், ராணுவ உடுப்பு, டாக்டர் பட்டம், சர்க்கார் தூதர் பதவி: இத்தனையும் ஒரு தெருவில் குடியேறப் போதவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வந்து நாறிய பிறகுதான் அவருக்கு வேறு வீடு கிடைத்தது. பத்திரிகையில் வராத டாக்டர்கள், வராத தொழிலாளிகள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.

சரி, தங்கம் வாங்கியபின் விக்கியின் கதி என்ன? இங்கேதான் இரண்டாவது வாசல் வருகிறது.

அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் 'அமெச்சூர்' விதி என்று ஒன்று இருந்தது. விளையாட்டால் ஒரு காசு சம்பாதித்தாலும் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. சம்பளம் வாங்கக்கூடாது, காட்சி நடத்தி டிக்கெட் வசூலில் பங்கு வாங்கக்கூடாது, சொல்லிக் கொடுத்துப் பணம் வாங்கக்கூடாது. பணத்துக்காக அல்ல, பெருமைக்காக விளையாட வேண்டும்! கேட்க எவ்வளவு தூய்மையாக இருக்கிறது!

இந்தத் தூய்மையின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் பெரிய படகுப் பந்தயம். 1879இல் அங்கே அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்கிற மெக்கானிக், கைத்தொழிலாளி, கூலியாள் அமெச்சூர் அல்ல என்று அதில் எழுதியிருந்தது. பந்தயத்தில் காசு வாங்கினானா இல்லையா என்ற கேள்விகூட இல்லை. கையால் உழைத்துப் பிழைக்கிறவன், ஆகவே விலகு! 1937இல்தான் அந்த வாசகத்தை எடுத்தார்கள். அமெச்சூர் என்ற சொல் எந்த வர்க்கத்தின் வீட்டில் பிறந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அமெரிக்க ஆதிக்குடி இளைஞர். அவர் முன்பு விடுமுறையில் அற்பச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று கண்டுபிடித்து 1913இல் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்து அமெச்சூர் விதியைக் காவல் காத்தவர் ஏவரி பிரண்டேஜ். சிகாகோவில் கட்டடக் கான்டிராக்டில் லட்சாதிபதியானவர்! அவருக்கு விளையாட்டில் காசு வேண்டியதில்லைதான். கட்டடத்தில் வருகிறதே. சாரத்தில் ஏறிச் செங்கல் சுமப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

விக்கி ஆபீசில் வேலை பார்த்துப் பழகிய பெண். இரண்டு தங்கத்தை வைத்து அடுப்பு எரியாது. டைவ் அடித்து ஜீவனம் செய்ய வேண்டுமானால் ஒரே வழி, போட்டியை விட்டுவிடுவது. 1948இலேயே விட்டார். சிகாகோவில் ஒரு நீச்சல் கேளிக்கைக் காட்சியில் சேர்ந்தார். பிறகு 1932 ஒலிம்பிக்கில் நீச்சல் தங்கம் வாங்கி சினிமா நடிகரான பஸ்டர் கிராபின் 'அக்வா பரேட்' குழுவோடு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராகப் போய் டைவ் அடித்துக் காட்டினார். டிக்கெட் வாங்கிய கூட்டம் கைதட்டியது. கேவலமான தொழில் ஒன்றுமில்லை, உழைத்துச் சாப்பிட்டார். ஆனால் 23 வயதில், வித்தை முற்றிக் கனிந்த நேரத்தில், உலகத்தின் முதல் டைவர் போட்டிப் பலகையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. 1952இல் அவருக்கு 27 வயதுதான். ஹெல்சிங்கியில் பெண்கள் பந்தயம் நடந்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. பின்னாளில் ஒலிம்பிக்காரர்கள் அந்த விதியைக் கைகழுவினார்கள். இன்று ஒலிம்பிக் வீரர்கள் கம்பெனிகளிடம் கோடி கோடியாக வாங்குகிறார்கள். ஒருவரும் தூய்மை கெட்டதாக அழவில்லை. விதி பிந்தித் தளர்ந்தது. விக்கியின் காலம் திரும்பவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. தங்கம் வாங்கிய பின் தகப்பனாரின் தேசத்துக்கு முதல் தடவையாகப் போனார். ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் முன் டைவ் அடித்துக் காட்டினார். இரண்டே வருஷத்துக்கு முன் சுதந்திரம் பெற்ற நாடு அது. அங்கே அவரை யாரும் டெய்லர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறகு அவரும் கணவரும் நீச்சலும் டைவிங்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பிள்ளைகள்; நால்வரும் டைவர்கள்.

இப்படிப்பட்ட வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, ஏழைப் பெண்ணும் முயன்றால் உச்சிக்குப் போகலாம்; தடை எல்லாம் மனசில்தான்' என்று கதை கட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் இந்த மாதிரி ஒரு கதையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது: கதையை முழுவதும் சொல்லுங்கள். 5 சென்ட் குளத்தைச் சொல்லுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் இலவச வகுப்பைச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஃபேர்மாண்ட் வாசலையும் சொல்லுங்கள். விக்கியின் முயற்சியை ஒருவரும் குறைத்துப் பேசவில்லை. அரைப் புள்ளியில் ஜெயித்தவர் அவர். அந்த அரைப் புள்ளி முழுக்க முழுக்க அவருடைய உடம்பின் உழைப்பு. ஆனால் அதே முயற்சியோடு வாசலுக்கு வெளியே நின்றவர்களை மனசுத் தடை என்று சொல்லி மறைக்க விடமாட்டோம்.

அந்த ஃபேர்மாண்ட் ஹோட்டல் குளம் என்ன ஆயிற்று தெரியுமா? 1945இல் அதை மதுபான விடுதியாக மாற்றினார்கள். 'டோங்கா ரூம்' என்று பெயர். பசிபிக் தீவுகளின் ஓலைக் கூரை மாதிரி செட்டுப் போட்டு, குளத்தையே தீவுக் கடல் என்று வைத்துக்கொண்டு, நடுவில் படகு மிதக்கவிட்டு, அதில் வாத்தியக்காரர்களை உட்கார வைத்தார்கள். செயற்கை மழை வேறு பெய்யும். தனவந்தர்கள் கரையில் உட்கார்ந்து குடித்தார்கள். பசிபிக் தீவிலிருந்து வந்த ஒரு மனிதரின் பெயர் அந்தக் கரைக்கு ஆகவில்லை. பசிபிக் தீவின் ஓலைக் கூரை ஆகிவிட்டது!

விக்கி 2010 ஏப்ரல் 11ஆம் தேதி, 85 வயதில் காலமானார். அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2006இல், அவர் பிறந்து வளர்ந்த மார்க்கெட் வீதித் தெற்குப் பேட்டையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு பூங்காவைத் திறந்தது. பிள்ளைகள் விளையாடுகிற இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை அதற்கு வைத்தார்கள்: விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ் பூங்கா. டெய்லர் என்ற பெயர் அதில் இல்லை.